மீடியனில் இரண்டு முறை இடித்த கார்: ஒரு சக்கரச் சேத ஆய்வு

வண்டி ஆறு வயதான சின்ன ஹேட்ச்பேக். முன்சக்கர இழுவை, 15 அங்குல அலாய், டயர் அளவு 185/65 ஆர்15. சம்பவம் நடந்தது சென்னை ஜி.எஸ்.டி. சாலையில், குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் போகும் வழியில், மீடியனை, அதாவது ரோட்டின் நடுத் தடுப்பை, ஒட்டிய வலது லேனில். வாரக்கணக்கில் வெயில் காய்ந்து முதல் மழை பிடித்த மாலை. தூறல் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஸ்டாப்பிலிருந்து பஸ் ஒன்று வெளியே ஏற, ஓட்டியவர் வலப்பக்கம் ஒடித்துப் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் மீடியன் கல்லில் மோதி நின்றது. வேகம் நாற்பதுக்குள் என்றார். யாருக்கும் அடியில்லை.

அன்றிரவே பக்கத்து டயர் கடையில் வேலை முடிந்துவிட்டது. வலது முன் டயரின் பக்கச்சுவரில் முட்டை போல ஒரு புடைப்பு இருந்ததால் டயரை மாற்றினார்கள். அலாயின் உள் விளிம்பு மடங்கியிருந்ததைச் சூடு காட்டித் தட்டி பெண்டு எடுத்தார்கள். அலைன்மென்ட் பார்த்து, எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு தாளும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளோடுதான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

"அண்ணே, வண்டி நேராத்தான் போகுது. ஸ்டியரிங் மட்டும் லேசா வலது பக்கம் கோணிக்கிட்டு நிக்குது. இப்போ நாலு நாளா பின்னாடி கூங்னு ஒரு சத்தம். டயர் கடைல கேட்டா, புது டயர் சார், ஓட ஓட சரியாயிடும்ங்கிறாங்க."

ஓட ஓடச் சரியாகிற சத்தம் என்று ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

வண்டியை லிஃப்டில் ஏற்றும் முன்பே எங்கள் பையன் ஒன்றைக் காட்டினான். வலது பின் சக்கரத்தின் அலாயில், கம்பிகளுக்கு நடுவே உள்ள குழிவில், நகம் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. டயரின் பக்கச்சுவரிலும் எழுத்துகள் மேல் ஒரு மஞ்சள் தீற்றல். நம்மூர் மீடியன் கல்லுக்குக் கறுப்பும் மஞ்சளும் அடித்திருப்பார்கள். முன் சக்கரம் மட்டும்தான் இடித்தது என்றால், பின் சக்கரத்துக்கு இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

சத்தம் எத்தனை முறை கேட்டது என்று ஓட்டியவரிடம் கேட்டோம். ஒரே ஒரு 'டம்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு மோதலுக்கும் நடுவே அரை நொடிகூட இருந்திருக்காது. ஒடித்த வேகத்தில் வலது முன் சக்கரம் கல்லைச் சாய்வாகப் போய் இடித்திருக்கிறது. இடித்த வேகத்தில் மூக்கு இடப்பக்கம் எகிற, வால் வலப்பக்கம் சுழன்று, பின் சக்கரம் கல்லில் பக்கவாட்டாக அறைந்திருக்கிறது. முதல் இடியில் சக்கரம் கொஞ்சமாவது உருண்டு கல்லின் மேல் ஏறப் பார்க்கும். இரண்டாவதில் அதற்கு வழியில்லை. அடி முழுவதையும் சக்கரம் மாட்டும் ஹப்பும், அதைத் தாங்கும் ஆக்சிலும்தான் வாங்க வேண்டும்.

நாற்பதில் போன வண்டியின் வேகத்தில் பக்கவாட்டுப் பங்கு 15 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் போதும். அந்த வேகத்தில் கல்லில் மோதுவது, வண்டியை ஏறக்குறைய மூன்றடி உயரத்திலிருந்து ஒரு சக்கரம் மட்டும் தரையில் படுமாறு போடுவதற்குச் சமம். மீடியன் கல் சக்கரத்தின் மையத்துக்குக் கீழேதான் இடிக்கும். இந்த டயரின் மையம் தரையிலிருந்து 31 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கல் அதைவிடக் குட்டை. எனவே சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே தள்ளப்படும், மேற்பகுதி வெளியே சாயும். சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர்; வெளியே சாய்ந்தால் கூட்டல், உள்ளே சாய்ந்தால் கழித்தல். இங்கே அது கூட்டல் பக்கம் போகும் என்று அளவெடுக்கும் முன்பே எதிர்பார்க்கலாம்.

ஏன் வழுக்கியது

முதல் மழை என்பதே பாதிக் காரணம். வெயில் நாட்களில் ரோட்டில் சேரும் எண்ணெய்ச் சொட்டு, டயர் தேய்ந்த ரப்பர்த் தூள், லாரிகளிலிருந்து கொட்டும் மண் எல்லாம் முதல் தூறலில் குழைந்து மெல்லிய சேறாகப் படர்ந்துவிடும். நன்றாக ஒரு மணி நேரம் கொட்டினால் அது கழுவிக்கொண்டு போய்விடும். வழுக்குவது அந்த முதல் அரை மணிதான். கனமழையில் எல்லாரும் மெதுவாகப் போவார்கள், தூறலில் போகமாட்டார்கள்.

தண்ணீர் மேல் டயர் மிதந்துவிட்டது என்றும் ஓட்டியவர் சொன்னார். அதற்கு வாய்ப்பு குறைவு. 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் முழுமையாக மிதக்க, மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் வேகம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டயர் தேய்ந்திருந்தால் அதற்கு முன்பே பிடி தளரும், ஆனாலும் தூறலில் நாற்பதுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே நடந்தது மிதப்பு இல்லை, பிடிமானக் குறைவு.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் குளிர்காலத்தில் இதே சேதத்தைத்தான் சொல்வார்கள். அங்கே ரோட்டில் பனிக்கட்டி உறைந்திருக்கும். சிக்னலில் மெதுவாகத் திரும்பும்போதே வண்டி பக்கவாட்டில் நகர்ந்து போய் நடைபாதைக் கல்லில் இடித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு 0.7 என்றால் பனிக்கட்டியில் 0.1 அளவுதான். 30 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் 5 மீட்டரில் நிற்கும் வண்டி, பனிக்கட்டியில் 35 மீட்டர் போகும். நம்மூர் முதல் மழைச் சேறு அவ்வளவு மோசமில்லை. ஆனால் வண்டி பக்கவாட்டில் போய்க் கல்லில் மோதிய பிறகு, உலோகத்துக்குப் பனியும் ஒன்றுதான், சேறும் ஒன்றுதான். வளைகிற பாகங்கள் அதே பாகங்கள்.

மீதிப் பாதிக் காரணம் டயரில் இருந்தது. முன் இரண்டும் சமீபத்தில் போட்டவை. பின் இரண்டும் வண்டியோடு வந்தவை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பின் டயர்கள் அந்த வருஷத்தவை. பள்ளங்களுக்கு நடுவே தேய்மானக் குறியாக 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். ரோட்டில் படும் ட்ரெட் அந்த மேட்டைத் தொடும் தூரத்தில் இருந்தது. ரப்பர் நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது.

முன்சக்கர இழுவை வண்டி என்பதால் புது டயரை முன்னால்தான் போட வேண்டும் என்று நம்மூரில் பெரும்பாலான கடைகளில் சொல்வார்கள். முன் டயர்தான் சீக்கிரம் தேயும், அது நிஜம். ஆனால் ஈர ரோட்டில் முன்புறம் நழுவினால் காலை எடுத்தால் போதும், வண்டி மீண்டும் பிடித்துக்கொள்ளும். வால் நழுவினால் சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியாது. அதனால்தான் டயர் கம்பெனிகளே நல்ல ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன. இந்த வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தது, வேலையும் செய்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

பச்சைத் தாள் சொல்லாதது

டயர் கடைத் தாளில் இருந்தது முன் சக்கரங்களின் டோ மட்டும். மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம் அது. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் முன்னால் திருகிச் சரிசெய்ய முடிந்த ஒரே கோணம் அதுதான் என்பதால், பல கடைகளில் அதோடு நிறுத்திவிடுவார்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு அது போதும். கல்லில் இடித்த வண்டிக்குப் போதாது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகினால் எந்த வளைந்த சக்கரத்தையும் டோ அளவில் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம். வளைந்த பாகம் வளைந்தபடியே இருக்கும். அடிபட்ட வண்டிக்கு அலைன்மென்ட் மெஷினை முதலில் பரிசோதனைக் கருவியாகப் பயன்படுத்த வேண்டும், சரிசெய்வது கடைசி வேலை. இந்த வரிசையை மாற்றினால் இருக்கிற தடயமும் அழிந்துவிடும்.

இங்கேயும் தடயம் கொஞ்சம் அழிந்திருந்தது. ஆனால் அழித்ததே ஒரு தடயமாகிவிட்டது. டை ராடு எண்டில் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளைப் பார்த்தால், இடப்பக்கம் தெரிந்ததில் பாதிதான் வலப்பக்கம் தெரிந்தது. நல்ல வண்டியில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு இருக்கும். வலது சக்கரம் மொத்தமாக உள்ளே போயிருக்கிறது, அதை ஈடுகட்ட டை ராடைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று அந்த மரையே சொல்லிவிட்டது.

நாலு சக்கரத்திலும் சென்சார் மாட்டி முழு அளவெடுத்தோம். அதற்கு முன் காற்று சரிபார்த்து, ரப்பர் புஷ்களிலும், குண்டு மூட்டான பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஆட்டம் இருக்கும் வண்டியில் எடுக்கிற அளவுக்கு மதிப்பில்லை.

முன் இடது கேம்பர் கழித்தல் 0.4 டிகிரி, முன் வலது கூட்டல் 0.6. ஒரு டிகிரி வித்தியாசம். எதிர்பார்த்தபடியே வலது சக்கரம் மேலே வெளியே சாய்ந்திருக்கிறது. எது வளைந்தது? ஷாக் அப்சார்பரா, ஹப்பைத் தாங்கும் நக்கிளா, சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மா? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி அளந்தால் எஸ்.ஏ.ஐ. என்ற கோணம் கிடைக்கும். சக்கரம் திரும்பும் அச்சு, அதாவது கீழே பால் ஜாயின்டிலிருந்து மேலே ஷாக் அப்சார்பரின் தலை வரை போகும் கோடு, உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. இடப்பக்கம் 13.1, வலப்பக்கம் 12.1. இதோடு கேம்பரைக் கூட்டினால் இரண்டு பக்கமும் 12.7.

கூட்டுத்தொகை சமமாக வந்ததுதான் இந்த ஆய்வின் முக்கியமான எண். நக்கிளோ ஷாக் அப்சார்பரின் தண்டோ வளைந்திருந்தால் இந்தத் தொகை மாறியிருக்கும், ஏனென்றால் அவைதான் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. தொகை மாறாமல் எஸ்.ஏ.ஐ. குறைந்து கேம்பர் கூடியிருந்தால், அச்சும் சக்கரமும் சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. கீழ்முனை உள்ளே வந்திருக்க வேண்டும், அல்லது மேல்முனை வெளியே போயிருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் மேலே அமரும் இடத்தில் சீலன்ட் விரியவில்லை, பெயின்ட் சுருங்கவில்லை. இரண்டு ஆர்மும் மாட்டியிருக்கும் சப்-ஃபிரேம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் இடப்பக்கக் கோணமும் எதிர்த் திசையில் மாறியிருக்கும், இடப்பக்கம் சரியாக இருந்தது. மிச்சம் லோயர் ஆர்ம்.

கழற்றி, இடது ஆர்மோடு பக்கத்தில் பக்கமாக வைத்தபோது கண்ணுக்கே தெரிந்தது. முன் புஷ்ஷுக்குச் சற்று வெளியே, தகட்டை மடித்த ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு. மடிப்பின் மேல் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் தெரிந்த இரும்பில் அப்போதுதான் துரு பூக்க ஆரம்பித்திருந்தது. பழைய அடி என்றால் அந்த இடம் காவியாகி உப்பியிருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தது, கோணக் கணக்கும் அதையேதான் சொன்னது.

கேம்பர் இப்படிக் கோணியிருந்தால் வண்டி வலப்பக்கம் இழுக்க வேண்டும். ஓட்டியவர் நேராகப் போகிறது என்றாரே? நம்மூர் ரோடுகள் மீடியனிலிருந்து இடது ஓரத்துக்குச் சாய்வாகப் போட்டவை, தண்ணீர் வடிவதற்காக. அந்தச் சாய்வு எந்த வண்டியையும் லேசாக இடப்பக்கம் கொண்டுபோகும். இந்த வண்டியின் வலது இழுப்பும் ரோட்டின் இடது சாய்வும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சாய்வில்லாத ஒரு மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தோம், கையை லேசாகத் தளர்த்தியதும் வலப்பக்கம் போனது. டயர் கடையில் ஓட்டிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடை வாசல் ரோட்டிலேயே ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

பின்புறம்

பின் இடது டோ உள்ளே 0.15 டிகிரி, அது சரி. பின் வலது டோ வெளியே 0.55. வால் சுழன்று வந்து அறைந்தபோது சக்கரத்தின் பின் விளிம்புதான் முதலில் கல்லைத் தொட்டிருக்கும். அது உள்ளே தள்ளப்பட, முன் விளிம்பு வெளியே திரும்பியிருக்கிறது. கேம்பரும் அதே கதை: இடது கழித்தல் 1.3, வலது கழித்தல் 0.2.

இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதற்குத் த்ரஸ்ட் கோணம் என்று பெயர். இதில் 0.35 டிகிரி வலப்பக்கம். கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். இரண்டரை மீட்டர் வீல்பேஸில் பின் அச்சு, முன் அச்சின் தடத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி ஓடுகிறது. வண்டி நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரங்களும் அதே 0.35 டிகிரி வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் விகிதம் பதினைந்துக்கு ஒன்று என்று வைத்தால் கையில் ஐந்து டிகிரி கோணல். ஓட்டியவர் சொன்ன கோணல் அதுதான். முன்புறத்தை எத்தனை முறை திருகினாலும் போகாது, காரணம் பின்னால் இருக்கிறது. ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தரும் ஆட்களும் உண்டு. அதற்குப் பிறகு கண்டுபிடிக்க வருகிறவன் பாடு திண்டாட்டம்.

கோணல் ஸ்டியரிங் பார்வைக்குத்தான் அசிங்கம். பின் சக்கரங்கள் மொத்தத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஈர ரோட்டில் வாலை இன்னும் எளிதாக நழுவவிடும். ஏற்கனவே வால் நழுவி இடித்த வண்டி, இப்போது நழுவுவதற்கு முன்னைவிடத் தயாராக இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. வலது பின் டயரின் உள் ஓரத்தில் உள்ளங்கையைக் குறுக்கே தேய்த்தால் ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த் திசையில் பிசிறாகவும் இருந்தது. டோ கோளாறுக்கு இதைவிட மலிவான பரிசோதனை இல்லை.

கூங் சத்தம் வலது பின் பேரிங். வேகத்தோடு ஏறியது, இடப்பக்கம் திரும்பும்போது கூடியது, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தது. இடது வளைவில் பாரம் வலது சக்கரத்தில் ஏறும் என்பதால் இது வலது பேரிங்கைத்தான் காட்டும். பக்கவாட்டு அடியில் உருளைக்குண்டுகள் தம் தடத்தில் நுண்ணிய குழிகளைப் பதித்துவிடும். அன்றே சத்தம் வராது. குழியின் ஓரங்கள் ஓட ஓடப் பெயர்ந்த பிறகுதான் கேட்கும். "இடிச்ச அன்னிக்குச் சத்தம் இல்லையே அண்ணே" என்று வருகிறவர்களுக்கு எல்லாம் இதுதான் பதில்.

சக்கரம் லேசாகத் தள்ளாடியதற்குக் காரணம் ரிம்மா, ஹப்பா என்று பிரிக்க, பழுதில்லாத ஸ்டெப்னியை அதே ஹப்பில் மாட்டிச் சுற்றினோம். தள்ளாட்டம் அப்படியே இருந்தது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை ஹப்பின் முகத்தில் வைத்தால் முள் ஆடியது. அங்கே பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட அதிகம். ஹப்பைக் கழற்றிய பின், ஹப் சுழலும் தண்டான ஸ்பிண்டில் நேராக இருப்பதும், அது போல்ட்டில் அமரும், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் பீமின் தகடு முறுக்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தன. தகட்டின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் கோடு விட்டிருந்தது.

"சிம் வெச்சு சரி பண்ணிட முடியாதாண்ணே?" என்றார். நியாயமான கேள்வி. ஸ்பிண்டிலுக்கும் பீமுக்கும் நடுவே சிம் என்ற ஆப்பு வடிவ மெல்லிய தகட்டை வைத்து டோவையும் கேம்பரையும் கொஞ்சம் மாற்ற முடியும், அளவில் பச்சையும் வரும். தயாரிப்பிலேயே வரும் சின்ன வித்தியாசத்துக்கு அது சரி. வளைந்து, வெல்டிங் ஓரத்தில் இழுபட்ட இரும்புக்கு நாங்கள் வைப்பதில்லை. சூடாக்கி ஜாக்கி போட்டு நிமிர்த்துவதும் அப்படித்தான். அந்த பீம் சும்மா ஒரு கட்டை இல்லை. வண்டி வளைவில் சாயும்போது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையும் பார்க்கும் பாகம். சூடு பட்டால் அதன் பதம் போய்விடும்.

அவர் மைத்துனர் புதுப்பேட்டையில் பழைய பீம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். கிடைக்கும்தான். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானே புதுப்பேட்டைக்கு அனுப்புவேன். அங்கே உடைத்து விற்கும் வண்டிகளில் பல, விபத்தில் சிக்கி வந்தவை. பின் பீம் எந்த அடியும் படாதது என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. லோயர் ஆர்ம், நக்கிள், பீம் எதை மாற்றுவதானாலும் புதிதாகத்தான் போடுவோம்.

பெண்டு எடுத்த ரிம்

வலது முன் அலாய் வெளியிலிருந்து பார்க்கப் புதிதாக இருந்தது, பெயின்ட்கூடத் தொட்டிருந்தார்கள். காற்று மட்டும் வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்கியது. டயரைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மேலாகத் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தோம். நிமிர்த்திய இடத்துக்கு நேர் உள்ளே, வெள்ளைக்கு நடுவே மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஊறி எழுந்தது. நீளம் ஒரு கட்டைவிரல் நகம் அளவு.

இதற்கு வெல்டிங் வைத்துத் தரும் கடைகள் சென்னையில் எத்தனையோ. வார்ப்பு அலுமினியம் வெப்பப் பதம் ஏற்றிய பிறகுதான் பலம் பெறுகிறது. வெல்டிங்கின் சூடு சுற்றிலும் அந்தப் பதத்தை எடுத்துவிடும், விரிசல் அடுத்த முறை வெல்டிங்கின் பக்கத்திலிருந்து கிளம்பும். விளிம்பின் ஓரத்தில் விரிசல் இல்லாத சின்ன மடிப்பு என்றால் நிமிர்த்தி ஓட்டலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விரிசல் என்று தெரிந்தால் ரிம் குப்பைக்கு. மடிப்பு எடுக்கும் கடைக்காரர் சாயம் தெளித்துப் பார்ப்பது அபூர்வம் என்பதால், எடுத்துக்கொண்டு வந்த பிறகு நாமாவது பார்ப்பது நல்லது. வலது பின் அலாயையும் அதே சாயத்தில் பார்த்தோம். கீறல் மட்டும்தான், மஞ்சளைச் சுரண்டித் திரும்பப் போட்டோம்.

டயர் புடைப்புக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிப் பக்கச்சுவரின் உள்நூல்கள் அறுந்தால் காற்று வெளியே தள்ளும். பேட்ச் போட முடியாது. கடைக்காரர் மாற்றியது சரியான வேலை.

இன்ஷூரன்ஸ்

பணம்தான் அவரை அதிகம் வாட்டியது. வண்டியின் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதி இருந்தது. ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாததால் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதத்தில் இருந்தது. ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். டயரும் ரிம் பெண்டும் மட்டும்தான் என்று நினைத்து, போனஸைக் காப்பாற்ற அன்று யாருக்கும் தகவல் சொல்லாமல் விட்டிருக்கிறார். சின்னச் சேதத்துக்கு அந்தக் கணக்கு சரியானதே. பீம் வந்ததும் கணக்கு தலைகீழானது.

பொதுவான மோட்டார் பாலிசியில் ஐந்து முதல் பத்து வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பாகத்துக்கு ஆறாயிரம் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் கழிவு. டயருக்கும் அதே பாதிதான், அதுவும் வண்டியின் வேறு பாகமும் அதே சம்பவத்தில் சேதமாகியிருந்தால் மட்டும். டயர் மட்டும் கெட்டிருந்தால் ஒன்றும் கிடையாது. 1500 சி.சி. வரையிலான வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய் தனி.

தாமதமாகத் தகவல் சொன்னதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். சர்வேயர் வந்தபோது வளைந்த ஆர்மும் பீமும் கழற்றிய நிலையில், அளவுத் தாள்களோடு இருந்தன. எண்களைக் காட்டி அடியின் திசையை விளக்கியதும் இரண்டையும் பேரிங்கையும் ஏற்றுக்கொண்டார். புடைத்த டயர் டயர் கடையிலேயே போய்விட்டது, போட்டோவும் இல்லை. அதற்குப் பைசா வரவில்லை. விரிசல் ரிம்மில் வேறு சிக்கல்: விரிசல் மோதலில் வந்ததா, நிமிர்த்தியபோது வந்ததா என்று கேட்டார். எங்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதையும் அவர் கைக்காசில் வாங்கினார். இடித்த இடத்திலேயே நாலு சக்கரத்தையும், மீடியன் கல்லையும், நம்பர் பிளேட்டோடு வண்டியையும் போனில் எடுத்து வைத்திருந்தால் டயருக்காவது பாதி வந்திருக்கும்.

அன்று வண்டியை ஓட்டிக்கொண்டே டயர் கடைக்குப் போனதும் எனக்கு உடன்பாடில்லை. சக்கரம் ஆர்ச்சுக்குள் முன்னே பின்னே நகர்ந்திருந்தாலோ, ஸ்டியரிங் கோணியிருந்தாலோ, திருப்பும்போது டயர் எதிலாவது உரசினாலோ ஓட்டக் கூடாது. பிரேக் ஹோஸ் இழுபட்டிருக்கலாம், பால் ஜாயின்ட் பாதி கழன்றிருக்கலாம். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியை வரச்சொல்ல வேண்டும். முன்னால் மட்டும் தூக்கி இழுத்துப்போனால், இது போல அடிபட்ட பின் பேரிங்தான் வழியெல்லாம் உருளும்.

மாற்றியவை: வலது லோயர் ஆர்ம், வலது டை ராடு எண்ட், வலது முன் அலாய், பின் ஆக்சில் பீம், வலது பின் ஹப் பேரிங். பின் டயர் இரண்டும் புதிது. முன்னால் இருந்த டயர்களைத் தொடவில்லை. டை ராடு எண்டை ஆட்டம் இல்லாமலே மாற்றினோம். சக்கரம் அடி வாங்கினால் அந்த அடி போகும் வழியில் அதுவும் இருக்கிறது, விலையும் குறைவு. வீல் நட்டுகளைக் கம்பெனி சொன்ன டார்க்கில் முறுக்கி, சில நாள் ஓடிய பின் மீண்டும் முறுக்கிப் பார்த்தோம். புது அலாய் உட்கார்ந்த பிறகு நட்டு கொஞ்சம் தளரும்.

கடைசி அளவு: முன் வலது கேம்பர் கழித்தல் 0.3, த்ரஸ்ட் கோணம் 0.02, இரண்டு டை ராடிலும் மரை ஏறக்குறைய சமம். அதே மேம்பாலத்தில் கையைத் தளர்த்தி ஓட்டினோம், நேராகப் போனது, ஸ்டியரிங்கும் நேராக நின்றது.

வலது முன் ஹப் பேரிங்கை மாற்றவில்லை. அதுவும் அடி வாங்கியதுதான், ஆனால் டயல் கேஜில் முள் ஆடவில்லை, கையால் சுற்றினால் கரகரப்பும் இல்லை. சர்வேயர் சத்தமில்லாத பேரிங்கை ஏற்கமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இனி வரும் நாட்களில் முன்னாலிருந்து கூங் சத்தம் கேட்டால், இடது வளைவில் அது கூடுகிறதா என்று கவனித்துக்கொண்டு வரச்சொல்லி, கோப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.